அண்ணன் அவிழ்த்த மூட்டை

ஒரு மனிதர் தமக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாமல் இருக்கும்போது, அவருக்காக மூட்டை கட்டுகிறவர் அதற்குள் எதை வைக்க வேண்டும்?

வணக்கம் சொல்லும் முன்பே கேள்வி கேட்பது மேடைக்கு அழகில்லை என்று எனக்குத் தெரியும். கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் மேடை ஏறுவது அதைவிட அழகில்லை. ஆனால் எனக்கு விடை தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசும் பயிற்சியைப் பல்கலைக்கழகம் எனக்கு நன்றாகவே கொடுத்திருக்கிறது. இன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, இப்போதே என்னை எச்சரிக்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! பகலில் மருந்துக்கடை நடத்தி, மாலையில் ஆட்டத்தில் மந்திரக்கோல் ஏந்தும் மாண்புக்குரியவரே! முன்வரிசையை நிரப்பியிருக்கும் மூத்தோரே! தம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு 'கதவை உடை, கதவை உடை' என்று கத்துவது ஏன் என்று கண்டுபிடிக்கவே கிளம்பி வந்திருக்கும் தாய்மார்களே! இத்தனை காலம் குரலாகவே பழகிவிட்டு, இன்று முகத்தை நேரில் பார்த்து, 'இவரா அவர்?' என்று திகைத்து நிற்கும் ஆட்டத் தோழர்களே! மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்து, நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று முறைத்துக்கொண்டிருக்கும் என் அண்ணியே! அருகில் இருக்கும் அண்ணன் மகளே! கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்ந்திருக்கும் என் அண்ணனே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'உங்கள் ஆட்டத்துக்கு நீங்களே சாமான் மூட்டை கட்டுவது எப்படி?' அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இதுதான். கட்டுவது எப்படி என்று சொல்லிவிடுவேன். அது எளிது. அவிழ்ப்பது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முதலில் தாய்மார்களுக்காக. இது என்ன ஆட்டம்? சீட்டாட்டமா? இல்லை. சூதாட்டமா? சத்தியமாக இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஒருவர் வீரர், ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடர். முன்பு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள். இன்று அந்த மேசை திரைக்குள் போய்விட்டது. அவரவர் வீடு, அவரவர் நாற்காலி. ஆனால் எல்லோர் திரையிலும் ஒரே வரைபடம். அதில் குகை இருக்கும், கோட்டை இருக்கும், கிணறு இருக்கும். நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்ட, ஆளுக்கொரு சிறு வட்ட வில்லை இருக்கும். 'நான் கதவைத் திறக்கிறேன்' என்று வில்லையை நகர்த்துவோம். திறக்கிறதா, மாட்டிக்கொள்கிறதா என்பதைப் பகடை சொல்லும்.

என்ன அம்மா? இரண்டாம் வரிசையில் ஒரு தாயார் கேட்கிறார், 'கடைசில யாரு ஜெயிப்பாங்க?' யாரும் ஜெயிக்கமாட்டார்கள் அம்மா. 'அப்போ எதுக்கு ஆடுறாங்க?' பாருங்கள், கூட்டம் தொடங்கிய உடனே விடை தெரியாத கேள்வி இரண்டாகிவிட்டது!

கதைக்குள் போகிறவர் வெறுங்கையோடு போக முடியுமா? கயிறு வேண்டும், பந்தம் வேண்டும், தண்ணீர்ப் பை வேண்டும், சுவரில் அடிக்க ஆணி வேண்டும், போர்த்திக்கொள்ளப் போர்வை வேண்டும். இவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைப்பதற்குள், பூதம் வந்து ஆளையே விழுங்கிவிட்டுப் போய்விடும். அதனால்தான் மூட்டை. சாமான்களை ஒருமுறை சேர்த்துக் கட்டி, பெயர் வைத்துவிட வேண்டியது. பிறகு அதை இழுத்து ஒருவர் வேடத்தின்மேல் போட்டால், உள்ளே உள்ள அத்தனையும் அவர் பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டத்தோடு வரும் மூட்டைகளும் உண்டு. பிடிக்கவில்லையா, நாமே கட்டலாம். படம் நாமே வைக்கலாம், எடை நாமே குறிக்கலாம், உலகத்தில் இல்லாத பொருளைக்கூட உண்டாக்கி உள்ளே போடலாம். பயணம் போவோருக்கு ஒரு மூட்டை, பாதாளம் புகுவோருக்கு ஒரு மூட்டை, பனிமலை ஏறுவோருக்கு ஒரு மூட்டை. நம் ஆட்டக் கழகத்தில் பாதிப் பேர் இன்று சுமப்பது நான் கட்டிய மூட்டைகளைத்தான். இதில் பெருமைப்பட ஏதுமில்லை. சண்டை என்று வந்தால் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வேடம் என்னுடையது. ஒளிந்திருக்கும்போது வேறு வேலை இல்லாமல் மூட்டை கட்டப் பழகினேன்.

என் அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாடிக்கட்டடங்களின் நடுவே இருட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பிக்கயிற்றின்மேல் காது வைத்து வேலை செய்தவர். சென்ற ஆண்டு அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. கால் தேறியது, கையும் ஓரளவு தேறியது. பேச்சு தேறவில்லை. எழுத்தும் வரவில்லை, வாசிப்பும் வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்: 'ஆமா'.

பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றால் ஆமா. தலையும் நாக்கோடு சேர்ந்துகொண்டது. எதற்கும் மேலும் கீழும்தான் ஆடும். என் அண்ணி கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "நான் அழகா இருக்கேனான்னு கேட்டேன், ஆமான்னாரு. சரி, மனுஷன் தேறிட்டாருன்னு நெனச்சேன். அசிங்கமா இருக்கேனான்னு கேட்டுப் பாத்தேன். அதுக்கும் ஆமா. ரெண்டுல எது நோய்னு டாக்டர்தான் சொல்லணும்."

சிரிக்கிறீர்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவரைப் பற்றி அவர் எதிரிலேயே பேச அவர் அனுமதித்தாரா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். முறைப்படி எதிரே உட்கார்ந்து கேட்டேன். ஆமா என்றார். அந்த அனுமதிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று காலை நாங்கள் கிளம்பும் முன்பே அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அதை ஒரு சான்றாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பலவீனமான சான்றுதான்.

அவரை இந்த ஆட்டத்துக்குள் இழுத்து வந்தவள் அவர் மகள். அவளுக்குக் கால்நடை மருத்துவமனையில் வேலை. வாய் பேசாத நோயாளிகளோடு பழகியவள். எங்கள் வீட்டுக் கதையை நடத்துபவளும் அவள்தான். அவள் சொன்னாள்: "அத்தை, நாய்க்கு எங்க வலிக்குதுன்னு நாய் சொல்லாது. ஆனா தட்டுல எத ஒதுக்கி வெக்குதுன்னு பாத்தா ஓரளவு புரியும். அப்பாவுக்கு ஏதாவது செய்யக் குடுப்போம். செய்யுறத வெச்சுப் புரிஞ்சுக்குவோம்."

அண்ணி விடுவாரா? "பெத்த அப்பன நாயோட சேத்துட்டியாடி?"

"நாய்ங்க சொன்ன பேச்சு கேக்கும்மா. அப்பாவ அதோட சேத்தா நாய்க்குத்தான் கேவலம்."

அண்ணன் 'ஆமா' என்றார். அப்படியாக எங்கள் குடும்பம் குகைக்குள் இறங்கியது. அண்ணனுக்குச் சுவரேறும் வேடம். அண்ணிக்கு வைத்தியர் வேடம். எனக்கு வழக்கம்போல் பாறை.

அண்ணனுக்கு எழுத்து ஓடவில்லை அல்லவா? பட்டியலில் பெயர் பார்த்துப் பொருள் எடுக்க அவரால் முடியாது. அதனால் அவருக்கென்றே ஒரு மூட்டை கட்டினேன். ஒவ்வொரு பொருளுக்கும் பெரிய படம் வைத்தேன். கயிறு, கூடுதல் கயிறு. பந்தம், அணைந்தால் இன்னொரு பந்தம். கட்டுத்துணி, களிம்பு, விஷமுறிவு. வழி தவறினால் ஊத ஒரு விசில். குளிரினால் போர்வை. ஒருமுறை கட்டியதோடு விட்டேனா? படத்தை மாற்றினேன், எடையைத் திருத்தினேன், இன்னும் ஒரு மருந்து சேர்த்தேன். திருத்தியபோதெல்லாம் மூட்டையைப் புதிதாக இழுத்து அவர்மேல் போட்டேன்.

மூட்டை கட்டும் தோழர்களே, இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். மூட்டையைத் திருத்தினால், முன்பே கொடுத்த சாமான் திருந்தாது. மறுபடி போட்டால் பழையது போகாது. புதியது அதன்மேல் சேரும். இது எனக்குத் தெரியாது. புள்ளியியலில் பட்டம் வாங்கியவள் நான்.

அன்று குகை வாசலில் அண்ணனின் வில்லை நின்றது. நின்றது நின்றபடியே நின்றது.

"உள்ள வாங்கப்பா."

"ஆமா."

வில்லை அசையவில்லை. அண்ணி கேட்டார், "நெட்டு போச்சாடி?"

"நெட்டு நல்லாத்தான் இருக்கு. அப்பாவாலதான் நகர முடியல, சுமை அதிகம்னு காட்டுது. இருங்க பாக்குறேன்... அய்யய்யோ, பை பூரா போர்வை! ஒரு விடுதிக்கே போதும். யாரு வெச்சது?"

நான் என் வில்லையை மெதுவாகப் பாறைக்குப் பின்னால் நகர்த்தினேன்.

"அத்தை?"

"குளிருமேன்னு..."

"குகைக்குள்ள என்ன கல்யாணமா நடக்குது, வர்றவங்களுக்கெல்லாம் படுக்கை விரிக்க?"

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தோம். அண்ணன் சிரித்தார். நோய்க்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டோம்! எங்கள் மூவருக்கும் அதற்குமேல் ஆட்டம் ஓடவில்லை. மூட்டையால் முன்னேற்றம் என்று மனத்துக்குள் முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் நான் வேகமானவள்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் தொடங்கியது குழப்பம்.

கதை ஒரு விடுதி அறையில் தொடங்கியது. அண்ணன் மவுஸைப் பிடித்தார். என் மூட்டையை அவிழ்த்தார். கயிற்றை எடுத்துச் சுவரோரம் வைத்தார். பந்தத்தை அதன் பக்கத்தில் வைத்தார். களிம்பு, கட்டுத்துணி, ஆணி, போர்வை என்று ஒவ்வொன்றாக, பொறுமையாக, இடைவெளி பிசகாமல் வரிசையாக வைத்தார். கடைசியில் காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

ஏதோ தவறி நடந்தது என்று விட்டோம். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே. ஒருநாள் நாங்கள் அனைவரும் ஆழமான பள்ளத்தில் விழுந்தோம்.

"கயிற எடுங்க," என்றார் அண்ணி.

"ஆமா."

"ஆமா இருக்கட்டும், கயிறு எங்க?"

"விடுதியிலயே வெச்சுட்டு வந்துட்டாரும்மா," என்றாள் மகள்.

"சுவரேறிக்குக் கயிறு இல்ல, வைத்தியருக்கு மருந்து இல்ல, அந்த அம்மா பாறைக்குப் பின்னால. நல்ல குடும்பம்! அந்தப் பூதம் வந்து தின்னாலும் செரிக்காது."

சிரித்து முடித்துவிட்டீர்களா? இப்போது சொல்லப்போவது சிரிப்பில்லை.

அண்ணன் வேலை பார்த்த நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. குழிக்குள் இனி இறக்க முடியாது. ஆனால் சாமான் அறையில் ஓர் இடம் இருக்கிறது என்றார்கள். பழுதுபார்க்கப் போகிறவர்களுக்குத் திருப்புளியும் சாவியும் சோதனை விளக்கும் எடுத்து, பைகளில் கட்டித் தருகிற வேலை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். விருப்பத்தை அவரே சொல்ல வேண்டும். வீட்டார் சொல்லக் கூடாது. விருப்பமில்லை என்றால் அவருடைய பணி அதோடு முடிந்துவிடும். கேள்வி கேட்கப்போகும் நாள், நாளை.

நாளை அந்த அறையில், 'இந்த வேலைக்கு வர உங்களுக்கு விருப்பமா?' என்று கேட்பார்கள். என் அண்ணன் என்ன சொல்வார்?

ஆமாம், நீங்கள் சொல்வதுதான். 'ஆமா' என்பார்! அது விருப்பமா? வியாதியா? எழுதிக்கொள்கிறவருக்கு அது தெரியுமா? கூடப் போய்த் திரும்பும் எங்களுக்காவது தெரியுமா?

அவர் தாமாக, தொடர்ந்து, தவறாமல் செய்கிற செயல் ஒன்றே ஒன்றுதான்: மூட்டையை அவிழ்ப்பது. அதற்கு அண்ணி ஒரு பொருள் சொன்னார். "வரிசையா அடுக்கி வெக்கிறாரு பாத்தியா? அது சாமான் ரூம் வேல. கை அதுக்குத்தான் துடிக்குது. அவரு போகணும். வீட்டுல நாள் பூரா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. நான் கடைய மூடிட்டு வந்து பாத்தா, போகும்போது எப்படி உக்காந்திருந்தாரோ அப்படியே உக்காந்திருக்காரு. உங்களுக்கெல்லாம் அது தெரியாது."

மகள் இன்னொரு பொருள் சொன்னாள். "அடுக்குறாரு சரி. அடுக்கிட்டு விட்டுட்டுப் போறாரே, அத ஏம்மா பாக்க மாட்டேங்குற? இது எதுவும் எனக்கு வேணாம்னு சொல்றாரு. லிஃப்ட் மேல ஏறி நின்ன மனுஷன். அவரை அலமாரிக்குப் பின்னால உக்கார வெச்சு, அடுத்தவன் வேலைக்குப் பை கட்டச் சொல்லணுமா?"

"அப்போ வீட்டுல என்ன பண்ணச் சொல்ற? சுவரு ஏறச் சொல்றியா?"

"வாய்க்கு வந்தத பேசாதம்மா."

"எனக்காவது வாய்க்கு வருது!"

அதைச் சொன்ன உடனே அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த அறையில் அண்ணன் இருந்தார்.

ஒரே செயல், இரண்டு பொருள், இரண்டும் பொருந்துகின்றன. நான் என்ன செய்தேன்? படித்த புத்தி என்ன சொல்லும்? ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அசைக்காதே, என்ன ஆகிறதென்று பார் என்று சொல்லும். பார்த்தேன். பாரம் அழுத்துகிறதோ என்று எடை குறைந்த மூட்டை கட்டினேன். அவிழ்த்தார். மருந்தைப் பார்த்தால் நோய் நினைவு வருகிறதோ என்று மருந்தையெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டினேன். அவிழ்த்தார். அவர் கைபழகிய கருவிகளையே படம் எடுத்து, சாவியும் திருப்புளியும் சோதனை விளக்குமாக ஒரு மூட்டை கட்டினேன். "அத்தை, இந்த உலகத்துல மின்சாரமே கெடையாது!" என்று அண்ணன் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தார். அன்று அவிழ்க்கவில்லை. மூட்டையை முழுதாகச் சுமந்துகொண்டு ஆட்டம் முடியும்வரை நடந்தார்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அவருக்கு வேலை வேண்டும், பழைய வேலைதான் வேண்டும் என்று அண்ணிக்குப் போன் செய்தேன். அடுத்த ஆட்டத்தில் அண்ணன் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சாவியைத்தான் எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

கடைசியாக ஒரு காலி மூட்டை கொடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. இதில் எதை அவிழ்ப்பார்? திறந்து பார்த்தார். மூடினார். நேரே அண்ணியின் வில்லையருகே போனார். அண்ணியின் பையைத் திறந்து, அதில் இருந்ததையெல்லாம் எடுத்துச் சுவரோரம் வரிசையாக வைத்தார்!

"என் பையில எதுக்குக் கை வெக்கிறீங்க?"

"ஆமா."

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த ஒரு பழக்கந்தான் இல்லாம இருந்துச்சு. அதுவும் வந்தாச்சு!"

அவையோரே, நான் என் மூட்டைகளை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். கூடுதல் கயிறு ஏன் வைத்தேன்? அவர் விழுந்துவிடுவாரோ என்ற என் பயம். விஷமுறிவு ஏன்? அவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்ற என் பயம். விசில் ஏன்? அவர் கூப்பிட்டு எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்ற என் பயம். எடுத்து எண்ணிப் பார்த்தால் எல்லாம் என் பயம்! ஆகவே அண்ணன் அவிழ்த்தது என் பயத்தைத்தான் என்று சொல்லி இங்கேயே உரையை முடித்துக்கொள்ளலாம். கைதட்ட வசதியான இடம் இது.

வேண்டாம், தட்டாதீர்கள். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. என் பயம் இல்லாத மூட்டையையும் அவர் அவிழ்த்தாரே? அண்ணியின் பை என்ன பாவம் செய்தது? அழகாக இருப்பதாலேயே ஒரு விளக்கம் சரியாகிவிடாது. நேற்று மாலைவரை இந்த உரைக்கு அழகான முடிவுரை ஒன்று வைத்திருந்தேன். அது என் அண்ணனுக்கு நான் கட்டிய இன்னொரு மூட்டை என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

அப்படியானால் எனக்குத் தெரிந்தது என்ன? சொல்கிறேன். பேச முடியாதவருக்காகப் பேசுகிறோம். அது அன்பு என்கிறோம். கேட்க முடியாதவருக்காகக் கேட்கிறோம். அது கடமை என்கிறோம். அவர் காட்டும் ஒவ்வொரு சைகைக்கும் நாமே பொருள் எழுதி, நாமே அடிக்கோடிட்டு, நாமே ஒப்பமிடுகிறோம். அதற்குப் பெயர் அக்கறை என்கிறோம். அன்பாகவே இருக்கட்டும். கடமையாகவே இருக்கட்டும். அக்கறையாகவே இருக்கட்டும். அவருக்கு அதில் இடம் எங்கே? ஒரு மனிதர் தமக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது, தேடி முடிக்கும்வரை பொறுக்க நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது? விளக்கம் சொல்ல ஆயிரம் வாய் இருக்கிறது. வெறுமனே காத்திருக்க ஒரு நாற்காலி இல்லையா?

எனவே இந்தப் பேரவையின் முன் சொல்கிறேன். நாளை அந்த அறையில் நாங்கள் விளக்கம் சொல்லமாட்டோம். அவர் ஆமா என்றால் உடனே மகிழமாட்டோம். திருப்பிக் கேட்கச் சொல்வோம். மறுபடி கேட்கச் சொல்வோம். காத்திருப்போம்...

என்ன அண்ணி? எழுந்து நிற்கிறார். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். வேண்டாமாம், இப்படியே கேட்கும் என்கிறார்.

"நாத்தனாரே, நீ பாட்டுக்கு மைக்கப் புடிச்சுக்கிட்டு 'நாங்க'ன்னு சொல்றியே, என்கிட்ட கேட்டியா? அவங்க ஒரு தடவ கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா? வேல கைவிட்டுப் போச்சுன்னா நாளையிலேருந்து அந்தச் சுவத்துக்கு முன்னால நீ வந்து உக்காருவியா?"

கேட்டீர்களா? நியாயமான கேள்வி. நான் அண்ணியிடம் கேட்கவில்லை. அண்ணனுக்காகப் பேசக் கூடாது என்று முழங்கிக்கொண்டே அண்ணிக்காகவும் பேசிவிட்டேன். தெரியவில்லை அண்ணி. அவர்கள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. 'நாங்கள்' என்றதைத் திரும்பப் பெறுகிறேன். நான் பேசமாட்டேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது உங்கள் விருப்பம்.

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் 'ஆமா' என்கிறார். சிரியுங்கள், பரவாயில்லை, அவரும் சிரிக்கிறார். யாருக்கு ஆதரவாகச் சொன்னார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கையிலேயே கட்டிக்கொண்டுவிட்டார். நான் விடைபெற வேண்டும். மூட்டை கட்டும் தோழர்களே, கட்டுங்கள். கலையோடு கட்டுங்கள், கணக்கோடு கட்டுங்கள், கனிவோடு கட்டுங்கள். கட்டிக் கொடுத்த பிறகு, அதைத் திறப்பவர் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். புரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டே இருங்கள். குழப்பத்தோடு வந்தவளை, குழப்பம் தீரும்வரை பேசு என்று வற்புறுத்தாமல், இவ்வளவு நேரம் அமைதியாகக் கேட்ட மூத்தோருக்கும், எதற்கு ஆடுகிறார்கள் என்று கேட்ட தாயாருக்கும், கைதட்டாதீர்கள் என்றபோது தட்டாமல் இருந்த தோழர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

*

இந்த உரையைக் கழகத்தின் ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். பேசியதை அப்படியே கொடுத்திருக்கிறேன். மறுநாள் நடந்ததையும் எழுதிச் சேர்க்கிறேன்.

அண்ணன், அண்ணி, அண்ணன் மகள், நான் நால்வரும் போனோம். நீளமான மேசை, ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் மேலாளர். என் வயதுப் பெண். அவர் அண்ணனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சாமான் ரூம் வேலைக்கு வர உங்களுக்கு விருப்பமா சார்?"

"ஆமா."

மேலாளர் புன்னகையோடு பேனாவைத் திறந்தார். நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மகள் மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். பேனா காகிதத்தைத் தொடும்போது அண்ணிதான் பேசினார்.

"கொஞ்சம் இருங்க மேடம். அது இன்னும் பதிலில்ல."

சொல்லிவிட்டு அண்ணி, தாம் என்ன சொன்னோம் என்று தமக்கே புரியாதவர்போல் எங்களைப் பார்த்தார். மேலாளர் பேனாவை எடுத்துக்கொண்டார். "அப்போ வேண்டாமா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"ஆமா."

"அவரு தேடுறாரு மேடம்," என்றார் அண்ணி. "அவசரமில்லன்னா கொஞ்சம் உக்காருங்க. அவசரம்னா... அப்பவும் உக்காருங்க."

மேலாளர் உட்கார்ந்தார். தொலைபேசி அடித்தது, எடுக்காமல் அணைத்தார். அண்ணன் மேசையைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். உதடு இரண்டு மூன்று முறை குவிந்து விரிந்தது. அண்ணி தம் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்; ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"தெரியல," என்றார் அண்ணன்.

மேலாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அண்ணனைப் பார்த்தோம்.

"தெரியல," என்றார் மறுபடி, கொஞ்சம் எரிச்சலோடு, ஒரு தடவை சொன்னால் உங்களுக்கெல்லாம் கேட்காதா என்பதுபோல.

மேலாளர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விருப்பம், விருப்பமில்லை, ரெண்டுதான் இதுல இருக்கு," என்றார். பிறகு பேனாவை மூடினார். "சரி. கொஞ்ச நாள் வந்து அங்க உக்காந்து பாக்கட்டும். அப்புறம் நான் மறுபடி கேக்குறேன். இத அதுவரைக்கும் இப்படியே வெச்சுக்குறேன்."

வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சு இருந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். இடது பக்கம் போனால் சாமான் அறை. வலது பக்கம் வாசல்.

"ஏங்க, இப்பவே போய் ஒரு பார்வை பாக்குறீங்களா, இல்ல வீட்டுக்குப் போலாமா?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமா."

யாரும் விளக்கம் சொல்லவில்லை. காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து அண்ணன் எழுந்தார். இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. எதிரே இருந்த குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வந்து, எங்கள் பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்.